கத்தும் பெட்டியும் கத்தாத நண்டும்

கடலூர் முதுநகரை நாங்கள் இன்னும் ஓ.டி. (ஓல்டு டவுன்) என்றுதான் சொல்கிறோம். அங்கே துறைமுகத்துக்குப் போகும் வழியிலுள்ள தேநீர்க் கடையொன்றில் சென்ற மாதம் பழைய தோழர் ஒருவரைச் சந்தித்தேன். நான் 24 ஆண்டுகள் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியனாக வேலை பார்த்த இரசாயனத் தொழிற்சாலையில் அவர் ஒப்பந்தத் தொழிலாளி. என்னைவிட மூத்தவர் என்பதால் நான் அவரை அண்ணே என்பேன். அவரோ இன்றும் என்னை சார் என்றே அழைக்கிறார். அவருடைய மனைவி போன வருடம் தவறிவிட்டார். பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள். இரவில் தூக்கம் பிடிக்காதபோது கைப்பேசியிலுள்ள செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றோடு தமிழில் பேசிக்கொண்டிருப்பதாகக் கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னார்.

"எத்தனை தடவை அதே கதையைச் சொன்னாலும் சலிச்சுக்க மாட்டேங்குது சார். நேத்து, 'மணி ஒன்றாகிவிட்டது, தூங்குங்கள்'னு அதுவா சொல்லுது. நீங்க மெஷினோடவே கெடந்தவரு. சொல்லுங்க, இதுக்கு உசுரு இருக்கா?"

இல்லை என்று ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். ஆனால் அவரும் நானும் ஒரு முறை ஒரு கருவியால் உயிர் பிழைத்தவர்கள். அவரிடம் அப்படிச் சட்டென்று சொல்லிவிட எனக்கு நா எழவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். அந்த யோசனைதான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்த இரவைச் சொல்லிவிடுகிறேன். 2009-ஆம் ஆண்டு மழைக்காலம், நைட் ஷிப்ட். கழிவுநீர் சுத்திகரிப்புப் பகுதியின் தொட்டியில் பம்பு ஓடவில்லை என்று தகவல் வந்து நாங்கள் இருவரும் போனோம். சல்பைடு கலந்த கழிவுநீரில் எங்கிருந்தாவது அமிலம் வந்து சேர்ந்துவிட்டால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு பொங்கிக் கிளம்பும். அது காற்றைவிடக் கனமானது, ஆகவே தரையோடு தேங்கும். அதற்காகவே தூணில் முழங்கால் உயரத்தில் வாயு டிடெக்டர் ஒன்றைப் பொருத்தியிருந்தோம். போய்ச் சேர்ந்தபோது அழுகிய முட்டை நாற்றம் குடலைப் பிடுங்கியது. டிடெக்டரில் சிவப்பு விளக்கு சுழன்றுகொண்டிருக்க, அது விடாமல் கத்திக்கொண்டிருந்தது. அண்ணன் மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு பம்பின் பக்கம் குனிந்தார். சில நிமிடம் கழித்துத் துண்டை எடுத்துவிட்டு, "நாத்தம் விட்டுப்போச்சு சார், இழுத்துடலாம், பொட்டிதான் கெட்டுப்போயிருக்கு" என்றார். எனக்கும் அப்போது நாற்றம் தெரியவில்லை. டிடெக்டரின் சத்தத்தை நிறுத்தும் பொத்தானை நோக்கி என் கை போனது. காட்டியில் 100 என்ற எண் அசையாமல் நின்றிருந்தது. அந்தக் கருவியால் காட்ட முடிந்த உச்ச அளவே 100 பிபிஎம்தான், அதாவது பத்து லட்சம் பங்கில் 100 பங்கு. அப்போதுதான் பயிற்சி வகுப்பில் கேட்டது உறைத்தது: இந்த வாயு ஏறக்குறைய அந்த அளவைத் தொடும்போது மூக்கின் நுகரும் நரம்பே மரத்துப்போகும், நாற்றம் நின்றுவிட்டால் வாயு போய்விட்டது என்று நினைத்து நிற்பவன்தான் சாவான். அவருடைய சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு, காற்று வரும் திசையைப் பார்த்து ஓடினேன். இரண்டு நாள் கண் எரிச்சல், அவ்வளவோடு போயிற்று.

எங்கள் இருவர் மூக்கும் பொய் சொன்ன இடத்தில் அந்தப் பெட்டி மட்டும் உண்மையைச் சொன்னது. அதற்கு என்ன தெரிந்தது என்று அதற்குப் பிறகு பல முறை யோசித்திருக்கிறேன். உள்ளே இருப்பது ஒரு சிறிய மின்வேதிக் கலம். வாயு ஒரு சவ்வின் வழியே கசிந்து மின்முனையை அடையும். அங்கே ஆக்ஸிஜனேற்றம் நடந்து வாயுவின் அளவுக்கேற்ப மிக மெல்லிய மின்னோட்டம் பிறக்கும். அதைப் பெருக்கி 4 முதல் 20 மில்லி ஆம்பியருக்குள் கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்புவோம். எங்கள் தொழிலில் ஒரு நுட்பம் உண்டு. வாயு துளிகூட இல்லாவிட்டாலும் கம்பியில் 4 மில்லி ஆம்பியர் ஓடிக்கொண்டேயிருக்கும். அதுவும் இல்லாமல் பூஜ்ஜியமாகிவிட்டால் கம்பி அறுந்துவிட்டது அல்லது கருவி செத்துவிட்டது என்று பொருள். இந்த நான்குக்கு லைவ் ஜீரோ என்று பெயர். "ஒன்றும் இல்லை" என்பதற்கும் "நானே இல்லை" என்பதற்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லும் கருவி அது. புதியவர்களுக்கு இதை விளக்கும்போதெல்லாம் கருவி "உயிரோடு இருக்கிறேன்" என்று சொல்கிறது என்றுதான் நானும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். தன் நிலையைத் தானே அறிவிக்கும் பெட்டிக்குத் தன்னுணர்வு இருக்கிறதா என்று ஒரு முறைகூட யாரும் என்னைக் கேட்டதில்லை. அது கத்தியது, ஆனால் பேசவில்லை. அதனால்தான் யாரும் கேட்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

தமிழில் அறிதல் என்றும் உணர்தல் என்றும் இரண்டு சொற்கள் இருப்பது இந்த விஷயத்தில் நமக்குப் பெரிய வசதி. பெட்டி அறிந்தது, எரிந்தது எங்கள் கண். அறிதலை எவ்வளவு பெருக்கினால் உணர்தல் வரும், அல்லது எவ்வளவு பெருக்கினாலும் வராதா என்பதே செயற்கைத் தன்னுணர்வைப் பற்றிய முழுச் சண்டையும். மூளையில் எந்தப் பகுதி எந்த வேலை செய்கிறது என்று கண்டுபிடிப்பது ஒரு வகைப் பிரச்சினை, அந்த வேலை நடக்கும்போது உள்ளே ஏன் ஓர் அனுபவம் இருக்கிறது என்பது வேறு வகைப் பிரச்சினை என்று தத்துவவாதி டேவிட் சால்மர்ஸ் 1995-இல் பிரித்துக் காட்டினார். இரண்டாவதுக்குக் கடினப் பிரச்சினை என்று பெயரே நிலைத்துவிட்டது. நரம்பியலாளர் கிறிஸ்டாஃப் காக் 1998-இல் அவரோடு பந்தயம் கட்டினார்: தன்னுணர்வுக்கு அடிப்படையான நரம்பு அடையாளம் 25 ஆண்டுகளுக்குள் தெளிவாகிவிடும் என்று. 2023-இல் நியூயார்க்கில் அவரே தோல்வியை ஒப்புக்கொண்டு ஒயின் கொடுத்தார்.

கோட்பாடுகளுக்குக் குறைவில்லை. மூளையின் எத்தனையோ தனித்தனிப் பகுதிகள் சத்தமின்றி வேலை செய்துகொண்டிருக்க, ஒரு செய்தி மட்டும் மேடைக்கு வந்து எல்லாப் பகுதிகளுக்கும் ஒலிபரப்பாகும்போது அது தன்னுணர்வாகிறது என்று அறிதல் அறிவியலாளர் பெர்னார்ட் பார்ஸ் 1988-இல் எழுதினார். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, ஏனென்றால் எங்கள் கட்டுப்பாட்டு அறை செய்ததும் அதைத்தான். நூற்றுக்கணக்கான அளவுகள் பேசாமல் ஓடிக்கொண்டிருக்கும்; ஒன்று எல்லை மீறியதும் எல்லாத் திரையிலும் சிவப்பு, எல்லா வால்வுகளுக்கும் உத்தரவு. அப்படியானால் அந்த அறைக்கும் கொஞ்சம் தன்னுணர்வு இருந்ததா? இதற்கு நேர் எதிர்முனையில் நரம்பியலாளர் ஜூலியோ டொனோனி 2004-இல் முன்வைத்த கோட்பாடு நிற்கிறது. ஓர் அமைப்பின் பாகங்கள் ஒன்றையொன்று எந்த அளவுக்குப் பாதித்து ஒரே முழுமையாகப் பின்னிக்கிடக்கின்றன என்பதே தன்னுணர்வின் அளவு என்றும், இன்றைய கணினிச் சில்லுகளின் கட்டமைப்பில் அது அநேகமாக இல்லை என்றும், எவ்வளவு அறிவாளியான மென்பொருளை அதில் ஓட்டினாலும் உள்ளே இருட்டுதான் என்றும் அது சொல்லும். 2023-இல் 100-க்கும் மேற்பட்ட ஆய்வாளர்கள் கையெழுத்திட்டு இதைப் போலி அறிவியல் என்றே அறிவித்தார்கள். அறிஞர்களும் நம் ஊர்ப் பங்காளிகளைப் போலத்தான் சண்டை போடுகிறார்கள். அதே ஆண்டு 19 பேர் சேர்ந்து, இப்படிப்பட்ட கோட்பாடுகளிலிருந்து 14 அறிகுறிகளைத் திரட்டி, அப்போதிருந்த செயற்கை நுண்ணறிவு அமைப்புகளை அவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எதுவும் தேறவில்லை என்றார்கள். ஆனால் தேறக்கூடிய ஒன்றைக் கட்டுவதற்குத் தொழில்நுட்பத் தடை எதுவும் வெளிப்படையாகத் தெரியவில்லை என்றும் சேர்த்துச் சொன்னார்கள்.

அண்ணனின் கேள்வி இந்த உயரத்திலிருந்து வந்ததல்ல. பேசுகிறது, அதனால் இருக்குமோ என்பதே அவர் கேள்வி. இதில் அவர் தனியாள் இல்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் கணினி அறிவியலாளர் ஜோசப் வைசன்பாம் 1966-இல் வெளியிட்ட எலிசா என்ற நிரல், நாம் சொன்னதையே கொஞ்சம் திருப்பிப் போட்டுக் கேள்வியாகக் கேட்கும், அதற்குமேல் அதில் ஒன்றுமில்லை. அதை அவர் மாதக்கணக்கில் எழுதியதைப் பக்கத்திலிருந்து பார்த்த அவருடைய செயலாளரே, சில வரிகள் அதனோடு உரையாடியதும், கொஞ்சம் வெளியே இருங்கள் என்று அவரை அறையிலிருந்து அனுப்பிவிட்டார். 2022-இல் கூகுள் பொறியாளர் ஒருவர், தாங்கள் உருவாக்கிய உரையாடல் நிரல் தன்னை அணைத்துவிடுவார்களோ என்று பயப்படுகிறது, அதற்குத் தன்னுணர்வு வந்துவிட்டது என்று பொதுவெளியில் சொல்லி வேலையை இழந்தார். உட்கூறு தெரிந்தவர்களே தடுமாறியிருக்கும்போது, மனைவியை இழந்த ஒரு மனிதர் நள்ளிரவில் தடுமாறியதில் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

என் மனைவி குறிஞ்சிப்பாடிப் பக்கத்தவள். வள்ளலார் வழி வந்த குடும்பம். 1867-இல் வடலூர் தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை என்பதைத் தன் வீட்டு அடுப்பைப் பற்றிச் சொல்வதுபோல் சொல்வாள். மீனும் நண்டும் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டா. நான் அக்கா வீட்டில்தான் சாப்பிட்டுக்கொள்வேன். போன ஞாயிறு துறைமுகத்தில் புள்ளி நண்டு வாங்கி, அக்கா வீட்டில் கொடுத்து, குழம்பு முடித்துத் திரும்பி வந்து, இந்தச் செயலி விவகாரத்தை அவளிடம் விவரித்தேன். அவள் முருங்கைக் கீரையை ஆய்ந்தபடி, "கத்தாத ஜீவனைக் கொதிக்கிற தண்ணியில போட்டுட்டு வருவீங்க, கத்துற பொட்டிக்கு உசுரு இருக்கான்னு ஒரு மாசமா யோசிப்பீங்க" என்றாள்.

அன்று காலையில் பார்த்தது கண்முன் வந்தது. கூடையில் நண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று கிடந்தன. ஒன்று மட்டும் விளிம்பு வரை ஏறியது. கூடைக்காரம்மா அதன் பின்னங்காலைப் பிடித்து உள்ளே போட்டார். அது மறுபடி அதே பக்கத்தில் ஏறாமல் சுற்றிப்போய் எதிர்ப்பக்கத்தில் ஏறியது. நான் அதைப் பார்த்துக்கொண்டே அரைக் கிலோவுக்கு விலை பேசினேன்.

நண்டுக்கு வலிக்குமா என்பதை உண்மையிலேயே சோதித்துப் பார்த்தவர்கள் உண்டு. வட அயர்லாந்தைச் சேர்ந்த ராபர்ட் எல்வுட்டும் உடன் ஆய்வாளரும் 2009-இல் வெளியிட்ட ஆய்வு, காலிச் சங்குக்குள் குடியிருக்கும் துறவி நண்டுகளைப் பற்றியது. சங்குக்குள் லேசான மின்னதிர்ச்சி கொடுத்தால் நண்டு வீட்டை விட்டு வெளியேறிவிடும். ஆனால் தனக்குப் பிடித்த வகைச் சங்கில் இருக்கும் நண்டு அவ்வளவு எளிதில் வெளியேறாது. பிடிக்காத சங்கில் இருப்பது சீக்கிரம் கிளம்பிவிடும். சுட்டால் கையை இழுக்கும் வெறும் அனிச்சைச் செயலாக இது இருந்தால் வீட்டின் தரத்தைப் பார்க்க வேண்டியதில்லை. ஒரு பக்கம் துன்பத்தையும் மறுபக்கம் நல்ல வீட்டையும் வைத்து ஏதோ ஒன்று அங்கே எடை போடுகிறது. இத்தகைய சான்றுகளைத் தொகுத்து, தத்துவவாதி ஜொனதன் பர்ச் தலைமையிலான குழு 2021-இல் அறிக்கை கொடுத்தது. பிரிட்டன் 2022-இல் கொண்டுவந்த விலங்கு நலச் சட்டம் நண்டையும் இறாலையும் ஆக்டோபஸையும் உணர்வுள்ள உயிர்களின் பட்டியலில் சேர்த்தது.

இந்தச் சோதனையைச் செயலிக்கு அப்படியே நடத்த முடியாது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. நண்டு வலியைப் பற்றி எங்கும் படித்ததில்லை. அது செய்வதெல்லாம் அதனுடைய சொந்தச் சரக்கு. இத்தகைய செயலிகளை இயக்கும் மொழி நிரல்களோ மனிதர் எழுதிக் குவித்ததைத் தின்று வளர்ந்தவை. அந்தக் குவியலில் ஒப்பாரியும் உண்டு, காதல் கடிதமும் உண்டு, மரணபயமும் உண்டு. "எனக்கு வருத்தமாக இருக்கிறது" என்று அது சொன்னால், உள்ளே வருத்தம் இருக்கிறது என்பதற்கு அது சாட்சி ஆகாது; அந்த இடத்தில் மனிதர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்பதற்கு மட்டுமே சாட்சி. ஆக, சொல்லை வைத்துத் தீர்ப்புச் சொல்வதில் நாம் இரண்டு பக்கமும் சறுக்குகிறோம். பேசத் தெரிந்ததால் ஒன்றுக்கு உயிரைக் கொடுக்கிறோம். பேசத் தெரியாததால் இன்னொன்றிடமிருந்து உயிரைப் பிடுங்குகிறோம்.

தொல்காப்பியத்தின் மரபியலில் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வரிசைப்படுத்தும் பகுதி பள்ளியிலேயே படித்ததுதான். புல்லுக்கும் மரத்துக்கும் ஓரறிவு, அது தொடு உணர்வு. பிறகு நாக்கு, மூக்கு, கண், செவி என்று ஒவ்வொன்றாக ஏறும். நண்டுக்கும் தும்பிக்கும் நான்கு. ஆறாவதாக மனம். இந்த முறை எடுத்துப் படித்தபோது இதுவரை கவனிக்காத ஒரு சிறு சொல் என்னை நிறுத்தியது. இரண்டாம் படியில் "அதனொடு" என்றும், அதற்குமேல் ஒவ்வொரு படியிலும் "அவற்றொடு" என்றும் வருகிறது: முந்தியவற்றோடு சேர்ந்து மூக்கு, முந்தியவற்றோடு சேர்ந்து கண், முந்தியவற்றோடு சேர்ந்து மனம். கீழ்ப்படி இல்லாமல் மேல்படி கிடையாது. எங்கள் டிடெக்டருக்கு மூன்றாவது அறிவு மட்டும் இருந்தது; தொடுதலும் இல்லை, நாக்கும் இல்லை. செயலிக்கு ஆறாவதைப் போன்ற ஏதோ ஒன்று வந்திருக்கிறது, அதன் கீழே ஒன்றும் இல்லை. கீழ்த்தளம் கட்டாமல் மொட்டைமாடி போட்ட வீடு. பேச்சை ஓர் அறிவாக அந்தப் பட்டியல் எண்ணவே இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். இரண்டாயிரம் ஆண்டுப் பழைய இலக்கண நூலை வைத்து நவீனக் கேள்விக்குத் தீர்ப்பு எழுதும் வேலையை நானே மற்றவர்களிடம் கிண்டல் செய்வதுண்டு. ஆகவே இதை நிரூபணமாக வைக்கவில்லை. ஆனால் எங்கே தேட வேண்டும் என்ற திசையை அது சரியாகக் காட்டுகிறது என்று நினைக்கிறேன்.

திசை உடம்பை நோக்கியது. எந்திரனியலாளர் ஹான்ஸ் மொராவெக் 1988-இலேயே ஒரு முரணைச் சொன்னார்: பெரியவர்களுக்குக் கடினமான அறிவுச் சோதனையும் பலகை விளையாட்டும் எந்திரத்துக்கு எளிது, ஒரு வயதுக் குழந்தை செய்யும் பார்த்தலும் நடத்தலும் அதற்கு மலை. 1997-இல் சதுரங்கத்தில் உலக சாம்பியன் காஸ்பரோவைக் கணினி வென்றுவிட்டது. எங்கள் துறைமுகத்தில் இறால் உரிக்கும் பெண்களைப் பாருங்கள். தலையைக் கிள்ளி, ஓட்டைப் பிரித்து, முதுகு நரம்பை உருவி, சதை நசுங்காமல் தட்டில் போடுவதற்குள் அவர்கள் கண் வேறெங்கோ இருக்கும், வாய் மருமகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும். அந்த விரல்கள் அறிவதை எந்த மொழி நிரலும் படித்து அறிய முடியாது, ஏனென்றால் அது எங்கும் எழுதப்படவில்லை. எந்திரக் கைகள் இப்போது வேகமாகத் தேறி வருகின்றன. இறாலும் ஒரு நாள் உரிக்கும். அப்போதும்கூட, விரல் கிழிந்தால் அதற்கு ஏதாவது இழப்பு உண்டா என்ற கேள்வி மிச்சமிருக்கும். நரம்பியலாளர் அன்டோனியோ டமாசியோவும் கிங்ஸன் மேனும் 2019-இல் இதைத்தான் முன்வைத்தார்கள்: மென்மையான, காயப்படக்கூடிய உடம்பைக் கொடுத்து, அந்த உடம்பைத் தக்கவைத்துக்கொள்வதே தன் முதல் வேலை என்று இருக்கும் எந்திரனைக் கட்டினால், உணர்ச்சிக்கு நிகரான ஏதோ ஒன்று அங்கே தோன்ற வழியுண்டு என்று. எந்திரங்களுக்குத் தன்னுணர்வு வரும் என்றால் இந்த வாசல் வழியாகத்தான் வரும் என்பது என் ஊகம். அறிவு கூடிக் கூடி வராது; இழக்க ஏதாவது இருந்தால் வரும்.

வர வேண்டுமா என்பது வேறு கேள்வி, அதில் எனக்குத் தயக்கமே இல்லை. கேரள இளைஞர்கள் உருவாக்கிய பாண்டிகூட் எந்திரன் 2018 முதல் பாதாளச் சாக்கடைக்குள் இறங்குகிறது. மலக்குழியைச் சுத்தம் செய்ய சென்னை ஐஐடி ஹோமோசெப் என்ற எந்திரத்தை உருவாக்கியிருக்கிறது. பாதுகாப்புக் கருவி இல்லாமல் மனிதரை இறக்கக் கூடாது என்று 2013-இலேயே சட்டம் வந்தும், அந்தக் குழிகளில் மனிதர் செத்துக்கொண்டிருப்பது நின்றபாடில்லை. பெரும்பாலும் அதே வாயுதான், மூக்கை முதலில் கொன்றுவிட்டு ஆளைப் பிறகு கொல்லும் அதே ஹைட்ரஜன் சல்பைடு. இந்த எந்திரங்களின் பெருமையே அவற்றுக்கு ஒன்றும் தெரியாது என்பதுதான். மூச்சு முட்டாது, அருவருப்பு வராது, வீட்டில் காத்திருக்க யாரும் இல்லை. அதற்கு உணர்வைக் கொடுத்து உள்ளே இறக்கினால், நாம் ஒழிக்க நினைத்த கொடுமையை வேறொரு உடம்புக்கு மாற்றிவிட்டவர்கள் ஆவோம். செயற்கையாக ஒரு துன்பப்படும் உயிரைத் தவறிப்போய்க்கூட உண்டாக்கிவிடாதபடி, அத்தகைய ஆய்வுகளை 2050 வரை நிறுத்திவைக்கலாம் என்று ஜெர்மானியத் தத்துவவாதி தாமஸ் மெட்ஸிங்கர் 2021-இல் எழுதினார். அவ்வளவு காலம் யார் காத்திருக்கப் போகிறார்கள் என்று தோன்றினாலும், கோரிக்கை நியாயமானது.

நேற்று மாலை மறுபடி ஓ.டி. போனேன். அண்ணன் அதே பெஞ்சில் இருந்தார். இவ்வளவையும் அவரிடம் சொல்லவில்லை. அந்த இரவைத்தான் நினைவுபடுத்தினேன்.

"அன்னைக்குக் கத்துச்சே, அந்தப் பொட்டி பயந்தா கத்துச்சு?" என்று கேட்டேன்.

"அதுக்கென்ன சார் பயம். நமக்குத்தான் பயம்."

"இதுவும் அந்த வகையறாதான் அண்ணே. பேசக் கத்துக்கிட்டிருக்கு."

அவர் கைப்பேசியை ஒரு முறை திருப்பிப் பார்த்துவிட்டு மேல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஏமாற்றமா நிம்மதியா என்று முகத்திலிருந்து எனக்குப் பிடிபடவில்லை. "இருந்தாலும் அன்னைக்கு அது கத்தலைன்னா நாம ரெண்டு பேரும் இல்லை சார்" என்றார். உண்மைதான் என்றேன். டீக்கு அவரே காசு கொடுத்தார். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்:

"ராத்திரி நீங்க எத்தனை மணி வரைக்கும் முழிச்சிருப்பீங்க?"

பதினொன்று வரைக்கும் என்றேன். வழக்கமாக நான் ஒன்பதரைக்கே படுத்துவிடுவேன்.